அவர் வரும் வரைக்கும்

எங்கள் ஊரில் மையத்தை, இறந்தவரின் உடலை, காக்க வைக்க மாட்டார்கள். விடிய மவுத்தானால் பின்னேர அஸர் தொழுகைக்குள் அடக்கம் முடிந்துவிட வேண்டும். பிள்ளை கொழும்பில் இருக்கிறான், தம்பி மன்னாரில் இருக்கிறான் என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். வந்து சேர்ந்தவர் முகம் பார்ப்பார், சேராதவர் மையவாடியில் நின்று துஆக் கேட்பார். போகிறவரைத் தாமதிக்க வைப்பது அவருக்குச் செய்யும் நோவினை என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அதை நான் இன்றைக்கும் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை எங்களுடைய அந்த அவசரம் எங்களுடையதல்லாத ஒரு மையத்தின் மேல் விழுந்தது. அதில் எனக்குப் பங்கு உண்டு. கொஞ்சப் பங்கல்ல.

எழுபத்தேழில் மலைநாட்டில் தமிழருடைய தோட்ட லயங்களும் வீடுகளும் எரிந்தபோது, அங்கிருந்து தப்பிய பதினொரு குடும்பங்கள் எங்கள் கிழக்குக் கரையில் சவளக்கடைப் பக்கம் வந்து சேர்ந்தன. எங்கள் வாப்பாவுக்கு அங்கே வயல் இருந்தது. வேலைக்கு ஆள் தேவைப்பட்ட போகம் அது. வாப்பா அவர்களுக்கு வேலை கொடுத்தார், வாய்க்கால் ஓரம் குடிசை போட்டுக்கொள்ள இடமும் கொடுத்தார். அவர்களுக்காகக் கதைக்க வந்தவர்தான் ஐயா. லூத்தரன் சபைப் போதகர். வேதசாஸ்திரம் படிக்க ஜெர்மனி வரைக்கும் போனவர், இந்தியாவில் போதகராகப் போகிறவர்களுக்கே பாடம் எடுத்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டோம். அன்றைக்கு எங்கள் வாசலில் நின்றபோது அவர் காலில் இருந்த இரண்டு செருப்பும் இரண்டு சோடியைச் சேர்ந்தவை. நாலு அலுமாரி நிறையப் புத்தகம் வீட்டோடு எரிந்துவிட்டதாம். கையில் ஒரு பைபிளும், ஒரு ஞானப்பாட்டுப் புத்தகமும், எழுதிக்கொண்டிருந்த ஒரு கட்டுத் தாளும் மட்டும்தான் இருந்தன.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுக்க வேண்டும். எனக்குக் கட்டித் தந்த வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் இருந்தோம். அடுத்த வளவில் தங்கச்சிக்கு என்று வாப்பா கட்டிய வீடு, மாப்பிள்ளை வரும் வரைக்கும் பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டைத்தான் வாப்பா ஐயாவுக்குத் திறந்துவிட்டார். தெருவில் இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். வீடு எரிந்து வந்த மனுசனை வாசலில் நிற்பாட்டிக் கதைக்க எனக்கு ஏலாது என்று வாப்பா சொல்லிவிட்டார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

ஐயாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவரும் அவருடைய மனைவியும்தான். அவவை நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவை எனக்கு முதல் நாளே பிடித்துப்போனது. நான் வாய்க்காரி. அம்மா என்னை வென்றவ. வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவவுமாக நின்று கதைத்தால் அடுப்பில் சோறு குழைந்துவிடும். ஒவ்வொரு நாளும் காலையில் அம்மா அடுப்புப் பற்றவைக்கும்போது ஐயா ஞானப்பாட்டுப் பாடுவார். அது பாட்டு என்று நாங்கள் கண்டுபிடிக்க ஒரு கிழமை எடுத்தது. முப்பது வருசமாக இதைத்தான் கேட்கிறேன், முதல் வரியிலேயே சுருதி வேலி பாய்ந்து ஓடிவிடும் என்று அம்மா சிரிப்பா. ஆனால் அவர் ஒரு நாள் தடிமன் பிடித்துப் பாடாமல் விட்டபோது, இன்றைக்கு அடுப்பே சரியாக எரியவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தா.

அடுத்த வருசம் சூறாவளி வந்தது. எங்கள் தெருவில் முழு ஓட்டோடு மிஞ்சிய வீடு ஒன்றும் இல்லை. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துச் சாய்ந்து கிடந்தன. மழை விட்டதும் ஐயாவுடைய தாள்களை எடுத்து எங்கள் வளவில் கயிறு கட்டிக் காயப்போட்டோம், நானும் அம்மாவும். மறைந்திருக்கும் கடவுளைப் பற்றி அவர் எழுதிய புத்தகமாம் அது. பாதித் தாளில் மை கரைந்து வெறும் நீலக் கறைதான் மிஞ்சியிருந்தது. "கடவுள் ஒளிஞ்சிருக்காருன்னு எழுதினாரு. இப்ப எழுத்தும் போய் ஒளிஞ்சிக்கிச்சு" என்றா அம்மா. ஐயாவும் சிரித்தார். பிறகு உள்ளே போய் ஒரு புதுக் கொப்பியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினார். தலைக்கு மேல் கூரை இல்லை, வானம்தான் இருந்தது. எனக்கு அந்த மனுசன் மேல் எரிச்சல்தான் வந்தது. நாங்கள் இழந்ததை நினைத்து இரண்டு நாள் அழுதோம், இவர் கொப்பி தேடுகிறாரே என்று.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

ஐயா மாதத்தில் ஒரு தடவை மலைநாட்டுக்குப் போவார். அங்கே மிஞ்சியிருந்த அவருடைய சபையாரைப் பார்த்து, திருவிருந்து கொடுத்துவிட்டு வருவார். போக ஒரு நாள், வர ஒரு நாள். எண்பதில் அப்படிப் போயிருந்த ஒரு கிழமை அம்மாவுக்கு நெஞ்சு நோ வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் கெஞ்சினேன். அவர் வந்த பிறகு போவோம் என்று அம்மா அசையவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தா. கை சில்லென்று இருந்தது.

"எனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, அவர் வர்ற வரைக்கும் என்னைய மூடிறாதீங்கம்மா. என் முகத்தைப் பாத்து அவரே ஒரு பாட்டுப் பாடட்டும். சுருதி சேராட்டி பரவால்ல."

நான் வாயைப் பொத்துங்க என்று அதட்டினேன். சரி என்று சொல்லுங்க என்றா. ஓம் என்றேன். அந்த ஓமைத்தான் இவ்வளவு காலமும் சுமக்கிறேன்.

புதன்கிழமை விடியும்போது அம்மா போய்விட்டா. நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்முனைத் தபால் கந்தோருக்கு ஓடி, கதவு திறக்கும் வரைக்கும் காத்திருந்து தந்தி அடித்தார். வாப்பா ஒரு தச்சனைப் பிடித்துப் பெட்டி செய்யச் சொன்னார். கிறிஸ்தவக் கல்லறையில் குழி வெட்ட ஆள் அனுப்பினார். வேறொரு சபையின் உபதேசியாரைக் கூட்டிவந்தார். எல்லாம் எங்கள் வீட்டு மையத்துக்கு ஓடுகிற ஓட்டம்தான். குறை வைக்கக் கூடாது, ஆள் இல்லாத வீடு என்று யாரும் சொல்லக் கூடாது என்று வாப்பா நின்ற நிலையில் நின்றார்.

உபதேசியார் மட்டும் தயங்கினார். அவர் முன்மண்டபத்தில் வாப்பாவிடம் கேட்டது எனக்கு அறைக்குள் கேட்டது. நான் அப்போது அம்மாவின் தலையைச் சீவிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு நடுவில் ஒரு சீலைத் திரைதான்.

"போதகர் வரும் மட்டும் ஒரு நாள் வைப்பமா? அந்த அம்மா ஏதும் சொன்னவவா?"

வாப்பா திரைப் பக்கம் திரும்பி என்னைக் கேட்டார். "மகள், ஏதும் வசியத்துச் சொன்னாவா?"

இதைக் கேட்டவர் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. மிரட்டவில்லை. நான் ஓம் என்றிருந்தால் வாப்பா அந்தக் கணமே குழி வெட்டப் போனவர்களைத் திருப்பிக் கூப்பிட்டிருப்பார். சாகிறவர் சொல்லிப்போகும் வசியத்து என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். என் வாய்க்கு அதுவரைக்கும் யாரும் பூட்டுப் போட்டதில்லை.

"ஒண்டும் சொல்லல்ல வாப்பா" என்றேன்.

ஏன் சொன்னேன்? இத்தனை வருசமும் எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மையத்தை வைத்திருப்பது நோவினை என்று நம்பினேன், அது உண்மை. வெயில் காலம், அதுவும் உண்மை. ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று இருந்தது. வெள்ளிக்கிழமை தங்கச்சியைப் பெண் கேட்டு வரப்போகிறவர்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது. ஐயாவும் அம்மாவும் இருந்த அதே வீட்டை. அவர் வரும் வரைக்கும் வைத்தால் வியாழன் போகும், அடக்கம் வெள்ளிக்குப் போகும். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது வாசலில் பெட்டி நிற்கும். கொடுக்கப்போகிற வீட்டில் மையத்தா என்று மூக்கைச் சுளிப்பார்கள். இதைத்தான் நான் அம்மாவின் தலையைச் சீவிக்கொண்டே கணக்குப் பார்த்தேன். என் கையிலிருந்த சீப்பு ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அஸருக்கு முன்னால் அடக்கம் முடிந்தது. வாப்பா அந்த வயதிலும் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். எங்கள் தெரு ஆண்கள் எல்லாரும் போனார்கள்.

ஐயா வியாழன் பின்னேரம் வந்தார். பஸ்ஸால் இறங்கி ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. சவளக்கடையிலிருந்து வந்த அவருடைய சபைப் பெண்கள் இரண்டு பேர் படியில் இருந்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர் அவர்களைத் தாண்டி உள்ளே போய்க் கட்டிலைப் பார்த்தார். அறைகளைப் பார்த்தார். அம்மா அடுப்பெரித்த குசினியைக்கூடப் பார்த்தார். பிறகு வெளியே வந்து வாப்பாவிடம், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். வாப்பா சொல்லத் தொடங்கினார். எல்லாம் ஒழுங்காகச் செய்தோம், நல்ல பெட்டி, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிக்கொண்டே போனார். ஐயாவுடைய முகத்தைப் பார்க்கப் பார்க்க வாப்பாவின் குரல் இறங்கிவிட்டது. தான் செய்தது என்ன என்று வாப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அதற்குப் பிறகு வாப்பா அந்த வீட்டு வாசலில் நிமிர்ந்து நடந்து நான் காணவில்லை.

ஐயா வாப்பாவுடைய கையைப் பிடித்து நன்றி சொன்னார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கடைசியா ஏதாவது சொன்னாளா, மக?"

"இல்ல ஐயா. அமைதியாப் போயிட்டாங்க."

வாப்பா பக்கத்தில் நின்றார். வேறு எதைச் சொல்ல?

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஐயா கல்லறைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள், கிணற்றுத் தண்ணீர் உவர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. தங்கச்சி பிறகு கொழும்பில் வேலை செய்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு அங்கேயே போய்விட்டாள். அந்த வீடு யாருக்கும் வேண்டாமல் ஐயாவுக்கே மிஞ்சியது.

நான் நாற்பதாம் நாள் அம்மா பேரில் குர்ஆன் கத்தம் ஓதிச் சோறு ஆக்கினேன். யாருக்கு என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஐயாவுக்கு ஒரு சகன் தட்டில் கொடுத்தேன். அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, சகனைக் கழுவிக் கொண்டுவந்து தந்தார்.

மலைநாட்டில் இருந்த சபைப் பெரியவர்கள் அவரை அங்கேயே வந்துவிடும்படி கடிதம் போட்டார்கள். அவர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போலச் சைக்கிளில் சவளக்கடைக்குப் போனார். பதினொரு குடும்பம் எட்டாகி, ஐந்தாகி, கடைசியில் மூன்றாகியது. வன்னிப் பக்கம் காணி கிடைக்கிறது என்று ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மூன்று குடும்பத்துக்கும் அவர் அதே அங்கியைப் போட்டுக்கொண்டுதான் போனார், மழையானாலும். புத்தகத்தையும் எழுதினார். சனிக்கிழமை தவறாமல் கல்லறைக்குப் போனார். காலையில் பைபிள் வாசிக்கும் சத்தம் கேட்கும். பாட்டு மட்டும் இல்லை. அந்த அடுப்பு எரியும்போது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் காது கொடுப்பேன். ஒரு நாளும் பாடவில்லை.

ஒரு நாள் எனக்கு வாய் அடங்கவில்லை. வீடு போச்சு, புத்தகம் போச்சு, அம்மாவும் போயிட்டாங்க, இன்னும் என்னத்தைப் பிடிச்சிக்கிட்டு இரிக்கிறீங்க ஐயா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"நான் பிடிச்சிருந்தா எப்பவோ கை நழுவியிருக்கும், மக. நான் ஒண்ணையும் பிடிச்சிக்கல. என்னைப் பிடிச்சிக்கிட்டு இருக்கு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் பார்வை குசினிப் பக்கம் போனது. வீடு எரிந்ததை ஏற்றுக்கொண்டேன், புயலையும் ஏற்றுக்கொண்டேன், அவள் போனதைக்கூட ஏற்றுக்கொண்டேன் என்று மெதுவாகச் சொன்னார். முப்பது வருசத்தில் தான் வாசல் தாண்டும்போது அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதில்லையாம். குடையை எடுங்க என்றாவது சொல்லுவாவாம். கடைசிப் பயணத்தில் மட்டும் தன்னைத் தேடாமலே போய்விட்டாளே, அதை மட்டும் தாண்ட முடியவில்லை என்றார். ஒவ்வொரு நாளும் கடவுளிடம் கேட்பது அந்த ஒன்றைத்தானாம். என்னைத் தேடினாளா, இல்லையா. தேடாதவளுக்குப் பாட எனக்கு நாக்கு எழும்பவில்லை என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர் கேட்கிற பதில் என் வாய்க்குள்தான் கிடக்கிறது. ஆனால் அதைச் சொன்னால் மற்றதும் வெளியே வரும். தேடினாங்க என்று சொன்னால், அப்படியானால் ஏன் மூடினீர்கள் என்று கேட்பார். வாப்பாவுக்குத் தெரியவரும். நான் எழும்பி, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சொல்லத்தான் என்று வேலியடிக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். என் வீட்டில் உப்புக்கு ஒரு நாளும் பஞ்சம் இருந்ததில்லை.

வாப்பா எண்பத்து நாலில் மவுத்தானார். அன்றைக்கும் விடிய மவுத்து, அஸருக்குள் அடக்கம். ஐயா மையவாடி மதிலுக்கு வெளியே வெயிலில் நின்றார். வாப்பா போன பிறகு சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு சாட்டும் மிஞ்சவில்லை. அப்போதும் நான் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வருசத்தை ஓட்டினேன்.

எண்பத்தைந்தில் தமிழ் ஊருக்கும் எங்கள் சோனக ஊருக்கும் நடுவில் தீ வைத்தார்கள். ஒன்றாகச் சந்தைக்குப் போன சனங்கள் ஒருவரையொருவர் கண்டு ஒளித்தார்கள். இரண்டு பக்கமும் வீடு எரிந்தது, இரண்டு பக்கமும் மையத்து விழுந்தது. ஐயா எங்கள் தெருவில் மிஞ்சிய ஒரே தமிழர். என் வீட்டுக்காரரும் தெரு ஆண்களும் மூன்று நாள் அவர் வாசலில் முறை வைத்து இருந்தார்கள். நாலாம் நாள், இனிக் காப்பாற்ற எங்களால் ஏலாது, வெளியூர்ச் சனம் வருகிறது என்று சொல்லிவிட்டார்கள். அகதிகளை ஏற்றிக்கொண்டு ஒரு லொறி பிரதான வீதிக்கு வந்தது. அவரை அதுவரைக்கும் கூட்டிக்கொண்டு போனோம். நல்ல வெயில். அவர் கையில் பைபிளும், ஞானப்பாட்டும், அந்தக் கொப்பிகளும். வந்தபோது இருந்த அதே அளவு.

லொறியில் கிழவர்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இனி வேலியும் இல்லை, உப்பும் இல்லை. அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்ப் பின்னேரம் அம்மா சொன்னது, நான் ஓம் என்றது, திரைக்குப் பின்னால் நின்று பொய் சொன்னது, வீடு பார்க்க வர இருந்தவர்கள், எல்லாம். ஒன்றையும் மறைக்கவில்லை. அழுகையில் பாதி விழுங்கிப்போனது.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ சொன்னதை மட்டும் இன்னொரு தரம் சொல்லுங்க. அவ சொன்ன மாதிரியே."

சொன்னேன். அவர் வர்ற வரைக்கும் என்னைய மூடிறாதீங்கம்மா. அவரே ஒரு பாட்டுப் பாடட்டும். சுருதி சேராட்டி பரவால்ல.

சுருதி என்ற இடத்தில் அவர் முகம் உடைந்தது. அம்மாவின் வாய்தான் அது, வேறு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தோள் குலுங்க அழுதார். அழுகைக்கு நடுவே ஒரு சந்தோசமும் இருந்தது. அதைப் பார்க்கிற தண்டனையும் எனக்கு வேண்டித்தான் இருந்தது.

"நான் கேக்கிறதுக்கு முந்தியே பதில் வந்திருச்சு" என்றார். "அடுத்த வீட்டுலதான் இருந்திருக்கு."

பிறகு லொறிக்காரனிடம் போய், கல்லறைப் பக்கம் ஐந்து நிமிசம் போய்வர முடியுமா என்று கேட்டார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அது அரை மைல்கூட இல்லை. ஐந்து வருசமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் வாயைத் திறக்காமல் அவர் போய் நின்ற இடம். லொறிக்காரன் நல்லவன்தான், கையெடுத்துக் கும்பிட்டான். அந்தப் பாதையில் டயர் எரிகிறது ஐயா, ஏறுங்க என்றான். ஐயா இன்னொரு தரம் கேட்டார். அதற்குள் பின்னாலிருந்தவர்கள் அவரைத் தூக்கி ஏற்றிவிட்டார்கள்.

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கடிதம் எதுவும் வரவில்லை. எங்கே இருந்தார், எங்கே அடக்கினார்கள், அந்தப் புத்தகம் என்ன ஆனது என்று விசாரிக்க எனக்கு ஆளும் இல்லை, முகமும் இல்லை.

லொறி புறப்பட்டபோது எல்லாரும் போகிற திசையைப் பார்த்து இருந்தார்கள். அவர் மட்டும் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு, கல்லறை இருந்த பக்கம் பார்த்து எழும்பி நின்றார். வாய் அசைந்தது. இயந்திரச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. செபித்தாரோ என்னவோ என்று என் வீட்டுக்காரர் சொன்னார். இல்லை, பாடினார். சுருதி சேராமல்தான் பாடியிருப்பார்.